எங்கள் ஊரில் புற்றுநோய் குறைந்துவிட்டது

எங்கள் அதிகாரிக்கு அலுவலகத்தில் நாங்கள் வைத்த பெயர் சராசரி. காய்ச்சலோ விபத்தோ, எதைச் சொன்னாலும் "தேசிய சராசரிக்குக் கீழதானே இருக்கோம், அப்புறம் என்ன?" என்பார். அந்தத் திங்கட்கிழமை மேசையில் ஒரு வரைபடத்தை விரித்துவைத்து, பிள்ளை பரிசு வாங்கிய அப்பா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"பாருங்கம்மா, புற்றுநோய்ச் சாவு. நாட்டுக்கு லட்சத்துக்குத் தொண்ணூத்தெட்டு. நமக்கு அறுபத்திரண்டு. அதுவும் அஞ்சு வருஷமா இறங்குமுகம். சாதனைன்னு தலைப்பு போட்டுரலாமா?"

நாட்டின் கோடு சிவப்பில் ஏறக்குறையப் படுத்துக் கிடந்தது. எங்கள் ஊரின் பச்சைக் கோடு சறுக்குமரம் போல இறங்கியது. இருபத்தாறு வருடமாக இங்கே மரணப் படிவங்களைப் பதிகிறவள் நான். போன வருடம் என் தெருவிலேயே மூன்று பேர் அந்த நோயில் போனார்கள். சாதனையாம்!

வரைபடத்தின் அடியில் மேலிடத்துக் கடிதம் இருந்தது. விகிதம் நாட்டை விடக் குறைவாக இருந்து, ஐந்து வருடம் தொடர்ந்து இறங்கியும் வந்தால், அந்த ஊரின் புற்றுநோய் வார்டை மூடித் தலைநகர ஆஸ்பத்திரியோடு சேர்த்துவிடுவார்களாம். அறிக்கை வெள்ளிக்கிழமை போக வேண்டும். அந்த வார்டில்தான் என் அண்ணன் செவ்வாய்தோறும் தொண்டைப் புற்றுக்கு மருந்து ஏற்றிக்கொள்கிறான். தலைநகரம் பஸ்ஸில் ஏழு மணி நேரம். ஏழு மணி நேரம் உட்கார அவன் உடம்பில் என்ன இருக்கிறது?

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் பழைய அட்டவணைகளைத் தோண்டினேன். கோடு இறங்க ஆரம்பித்த அதே வருடம்தான் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் படிவம் வந்திருந்தது. சாவுக்குக் காரணம் என்ற இடத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் திறக்கும். முதல் வரி, இதயம் நின்றது. புற்றுநோயைத் தேர்ந்தெடுத்தால் திசுப் பரிசோதனைத் தாளை இணைக்கச் சொல்லும், இணைக்காவிட்டால் அடுத்த பக்கம் போகாது. எந்த டாக்டர் உட்கார்ந்து தாள் தேடுவார்? புற்றுநோய் இறங்கிய அளவுக்கு இதயம் ஏறியிருந்தது. அடச்சீ! செத்தவர்களில் யாருக்குத்தான் இதயம் நிற்கவில்லை?

சராசரியிடம் போய்க் கொட்டினேன். அவர் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை.

"படிவத்துல இருக்கறதுதாம்மா புள்ளிவிவரம்."

"படிவமே பொய் சார்."

"பொய்னா திருத்துங்க, விதி இருக்கே. அன்னைக்குக் கையெழுத்து போட்ட சொந்தக்காரரே திரும்பப் போடணும், சிகிச்சைத் தாளோட. இருபது கொண்டுவாங்க, மறு ஆய்வுன்னு நானே எழுதறேன்." என்னால் முடியாது என்ற நிச்சயம் அவர் சிரிப்பில் வழிந்தது.

மூன்று நாள் விடுப்பு போட்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். அப்படி ஒரு அசிங்கத்தை நான் பார்த்ததில்லை. ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார், "எங்க பரம்பரையிலேயே அந்த நோய் கிடையாது" என்று கதவை மூடினார். மூடிய கதவின் கண்ணாடி வழியாக, அவர் மனைவி முடி கொட்டியபோது வைத்துக்கொண்ட டோப்பா ஆணியில் தொங்குவது தெரிந்தது. மருந்துக் கடைக்காரர் தன் அம்மாவுக்காகக் கையெழுத்து போட வந்து, பேனாவைத் திறந்து, தம்பி ஒரு பார்வை பார்த்ததும் மூடிவிட்டார். ஒரு தையல்காரி மட்டும் கேட்ட உடனே போட்டாள். "என் புருஷன் பட்ட பாட்டுக்கு அதோட பேரையாவது எழுதுங்க" என்றாள். வியாழன் மாலை ஐம்பத்தோரு வீடு முடிந்தபோது கையில் பத்தொன்பது.

இருபதாவதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அண்ணி இரண்டு வருடம் முன்னால் மார்புப் புற்றில் போனாள். அவள் படிவத்திலும் இதயம்தான். கையெழுத்து போட்டவன் அண்ணன்.

அன்று இரவே அவன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் தாளைப் படித்துவிட்டு மடித்து என் மடியில் வைத்தான். குரல் கரகரவென்று வந்தது. "வேணாம்."

"ஏன்?"

"பொண்ணுக்கு நாலு மாசத்துல கல்யாணம். பதிவேட்டு நகல் யார் கேட்டாலும் தருவீங்க இல்ல? மாப்பிள்ளை வீட்ல என் தொண்டையையே வெறும் புண்ணுன்னு சொல்லி வெச்சிருக்கேன். அம்மாவுக்கும் அதுதான்னு தெரிஞ்சா, பொண்ணுக்கும் வரும்னு ஓடிருவாங்க."

"ஓடறவனுக்கா பொண்ணைக் குடுக்கறே? வார்டை மூடறாங்க அண்ணே! ஏழு மணி நேரம் பஸ்ல போவியா நீ?"

"போக மாட்டேன்."

"அப்போ?"

"அப்போ என்ன? நீதானே அங்க உக்காந்திருக்க. எனக்கும் இதயம்னே போட்டுரு."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "புத்தி கெட்டவனே" என்று கத்தினேன். அடுப்படியிலிருந்து அவன் மகள் எட்டிப் பார்த்தாள். "ஆபீஸ் விஷயம்மா, நீ போ" என்றான். எவ்வளவு பழகிய பொய்! அவன் முகத்தைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. அண்ணியைத் தூக்கித் தூக்கிக் குளிப்பாட்டிய கை இது, அதே கைதான் அவள் நோயை மறைக்கிறது என்று நினைத்தேன். சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் அலுவலகம் போனேன். அண்ணியின் சிகிச்சைத் தாள்கள் என்னிடமே இருந்தன, அவளோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்தவள் நான்தான். பள்ளிக்கூடத்தில் நான் குறைவாக மார்க் வாங்கும்போதெல்லாம் அட்டையில் அப்பா மாதிரி கையெழுத்து போட்டுத் தந்தவன் அண்ணன். அவன் கையெழுத்தை நான் போட்டேன். அந்தத் தாளில் மற்ற எல்லாமே உண்மை.

சராசரி எண்ணினார். இருபது. முகம் சுருங்கியது. கடைசித் தாளைத் தனியே எடுத்தார்.

"உங்க அண்ணன்தானே? போனவாரம்கூட வார்டுல பார்த்தேன். கை என்னமா நடுங்குச்சு! கையெழுத்து இவ்வளவு அழகா இருக்கே. ஒரு வார்த்தை கேட்டுருவோம்."

தாளில் இருந்த எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தார். என் வேலையும் இருபத்தாறு வருடமும் அந்த மணிச் சத்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அண்ணன் எடுத்தான்.

"மனைவியோட மரணப் படிவத்தைத் திருத்தச் சொல்லி ஒரு தாள் வந்திருக்கு. கையெழுத்து நீங்க போட்டதா? இல்லேன்னா சொல்லுங்க, போட்டவங்க மேல நடவடிக்கை எடுக்கணும்."

நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"நான்தாங்க போட்டேன்" என்றான்.

சராசரி வேறு வழியில்லாமல் பேனாவைத் திறந்து, 'மறு ஆய்வு தேவை' என்று எழுதினார்.

"சார், என் தங்கச்சி பக்கத்துல இருக்காளா?"

"இருக்காங்க."

"இனிமே என் வீட்டுப் படி ஏற வேணாம்னு சொல்லிருங்க. கல்யாணத்துக்கும் வர வேணாம்."

போன் நின்றது. சராசரி தாளை என் பக்கம் நகர்த்தினார். நான் முத்திரை வைத்தேன்.