இரண்டு பைட் இடம்

அக்கா போன் செய்தபோது அலுவலகத்தில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன்.

"ரசீது வரமாட்டேங்குதுடா. ஓட்டல் மேனேஜர் வேற வந்து நிக்கிறாரு."

அக்காவும் மாமாவும் நடத்துவது சலவைக்கடை. துணி மூட்டை வந்ததும் கணினி தானாகவே அடுத்த எண்ணைப் போட்டு ரசீது தரும். அந்த மென்பொருள் என் கைவேலைதான். ஒரு பெரிய ஓட்டல் தன் படுக்கை விரிப்புகளை எல்லாம் இங்கே கொடுக்கலாமா என்று பார்த்துவர அன்று ஆள் அனுப்பியிருந்தது. அன்றைக்கென்று பார்த்தா அந்த மென்பொருள் காலை வார வேண்டும்.

ஓடினேன். வாசல்வரை வரிசை. திரையில் கடைசி ரசீது எண் 32,767. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. எண்ணுக்கு இரண்டே பைட் இடம் ஒதுக்கியிருந்தேன். அதில் இதற்கு மேல் ஏறாது. நான்கு பைட் கொடுத்தால் இருநூறு கோடி தாண்டும். ஒரே ஒரு வரியில் அளவை நான்காக மாற்றினேன். அச்சுப்பொறி கடகடவென்று ஓடியது.

"மாப்ள வந்தா சரியாயிடும்னு சொன்னேன்ல," என்று மேலாளர் முன்னால் மாமா என் தோளைத் தட்டினார்.

மேலாளர் வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்கே வண்டி அனுப்புறேன்," என்று சொல்லிக் கிளம்பினார்.

அக்கா விடவில்லை. விவரம் முழுக்கக் கேட்டாள். பிறகு, "பெருசா வெச்சா செலவு ஜாஸ்தியா?"

"இல்லக்கா."

"உங்க ஆபீஸ்ல எவ்ளோ வெப்ப?"

"எட்டு பைட்."

"எங்களுக்கு மட்டும் ஏன்டா ரெண்டு?"

மாமா ஏற்கெனவே இரண்டு தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டவர். இதுவும் ஊற்றிக்கொள்ளும், இந்த லட்சணத்துக்கு இது போதும் என்று நக்கலாகச் சிரித்தபடி நான் அடித்த எண் அது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஏதாவது பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"மாப்ள என்ன பண்ணுவாரு? இவ்ளோ கூட்டம் வரும்னு நமக்கே தெரியாதே."

அந்த மனுஷன் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் சிரித்துக்கொண்டே ஈரக் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அக்கா அடுத்த ரசீதைக் கிழித்து வாடிக்கையாளரிடம் நீட்டினாள்.

"இப்ப போட்டது எவ்ளோ நாள் தாங்கும்?"

"நம்ம ஆயுசுக்கும் தாங்கும்க்கா."

"இந்தத் தடவையாவது நம்பிப் போட்டியா," என்று மாமாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

அவள் வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டாள்.