மாடி அறைக்குத் தனி லைசென்ஸ்

1

இந்தக் கதை ஒரு கேள்வியில் பிறந்தது. கேள்வி என்னுடையது அல்ல. இரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்த நெவில் ஓல்ட்ராய்ட், மருந்துப் பையைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகும் நகராமல் நின்று கேட்டது:

"நேத்து டிவில வந்தத இன்னைக்கு டேப்லெட்ல போட்டுப் பாத்தா, அதுக்கும் லைசென்ஸ் வேணுமாங்க?"

இங்கிலாந்தில் டிவி பார்க்க வீட்டுக்கு வீடு வருடக் கட்டணம் கட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டும். இந்தக் கடலோர ஊர் பிரிட்லிங்டனில் மருந்துக்கடைக்காரியிடம் எதை வேண்டுமானாலும் கேட்பார்கள். நாய்க்கு வயிற்றுப்போக்கு, மகனுக்கு விவாகரத்து, கொல்லையில் நத்தைத் தொல்லை. எனக்கும் பதில் சொல்லப் பிடிக்கும். தெரிந்ததைச் சொன்னேன்.

"எந்தச் சேனலா இருந்தாலும் ஓடிக்கிட்டிருக்கும்போதே பாத்தா லைசென்ஸ் வேணும். முடிஞ்சப்புறம் பாக்குறதுன்னா, பிபிசியோட இணையதளம் ஐபிளேயருக்கு வேணும். மத்த சேனல்காரங்க இணையத்துல போடுறதுக்கு வேணாம்."

"வீட்டுக்காரம்மா கெய்னர்கிட்டதான் ஒண்ணு இருக்கே?"

"அது அவளுக்கு. உங்க அறைக்குத் தனி வாடகை ஒப்பந்தம், தனிப் பூட்டு. அங்க உக்காந்து பாத்தா உங்களுக்குத் தனியா வேண்டியிருக்கும். கீழ ஹால்ல அவகூட உக்காந்து பாத்தா ஒரு தொல்லையும் இல்ல."

நெவில் தலையைக் குனிந்துகொண்டார். "அப்ப நான் இத்தன நாளா திருடியிருக்கேன்," என்றார்.

(அடிக்குறிப்பு, கதைக்கு நடுவிலேயே: ஆம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் முடிகிற கேள்வியாக இருந்திருந்தால், நீங்கள் இப்போது வேறு எதையாவது படித்துக்கொண்டிருப்பீர்கள்.)

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். கழித்துக் கட்டியவற்றையும் வைக்கிறேன்.

‘வட கடலிலிருந்து வீசிய குளிர்காற்று அன்று கெய்னரின் சன்னலை—’ வேண்டாம். இந்த ஊரில் காற்று எல்லா நாளும் வீசுகிறது. அதற்குத் தனியாக இடம் கொடுக்க வேண்டியதில்லை.

‘கெய்னர் ஹெப்வர்த் தனிமையில் வாடிய ஒரு—’ இதை அவள் காதில் போட்டால் என்னைத் தன் வீட்டுப் பக்கம் விடமாட்டாள். கெய்னர் என் பக்கத்து வீட்டுக்காரி. அறுபது தாண்டியவள். வாரத்தில் பாதி நாள் இன்னும் முடிவெட்டும் கடைக்கு வேலைக்குப் போகிறாள். கணவன் வேறொருத்தியோடு ஸ்பெயினுக்குப் போனபோது, "அங்க வெயில் ஜாஸ்தி, அவருக்கு வழுக்க வேற," என்று மட்டும் சொன்னவள். வாடுகிற ஆள் இல்லை. மாடி அறை சும்மா கிடக்கிறதே என்று வாடகைக்கு விட்டாள். இரண்டாவதாக வந்தவர் நெவில்.

3

நெவிலை நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். எழுதும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை. பேருந்து ஓட்டுநர், மனைவியை இழந்தவர், யாரும் பார்க்காத இடத்திலும் சட்டத்துக்குப் பயப்படுகிறவர். கதைக்கு வசதியாக இப்படி ஒருவரைச் செய்துகொண்டேன் என்று தோன்றும். கொஞ்சம் கறுப்புச் சாயம் பூசலாம் என்று அவருக்கு ஒரு குடிப்பழக்கம் கொடுத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை, எடுத்துவிட்டேன். அவர் இப்படித்தான். ஆனால் பிடிவாதக்காரர். ஒருமுறை நினைத்துவிட்டால் பேருந்தைத் திருப்பலாம், அவரைத் திருப்ப முடியாது. இந்தக் குறை கதைக்கு வேண்டியிருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள்.

என் பதிலைக் கேட்டுப்போன அன்றே அவர் ஐபிளேயரை நிறுத்திவிட்டார். அதில்தான் வந்தது சிக்கல். கெய்னருக்கு உயிரான கொலைத் தொடர் பிபிசியில் ஞாயிறு மாலை வரும். அந்த நேரத்தில் நெவில் பேருந்தில் இருப்பார். முன்பெல்லாம் மறுநாள் காலை அறையில் பார்த்துவிட்டு, இருவரும் சமையலறையில் நின்று யார் கொலைகாரன் என்று சண்டை போடுவார்கள். இப்போது நெவிலுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"அந்தப் பாதிரியார்தான் பண்ணியிருப்பாரு, நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்று கெய்னர் கேட்டிருக்கிறாள்.

"எந்தப் பாதிரியார்?"

"பாக்கலியா?"

"சட்டப்படி நான் பாக்கக் கூடாதுங்க."

கெய்னர் என் கடைக்கு வந்து கத்தினாள். "அவர் மண்டைல என்ன ஏத்திவிட்ட நீ?"

"கீழ உன்கூட உக்காந்து பாத்தா சட்டம் ஒண்ணும் சொல்லாதுன்னும் சேத்துத்தான் சொன்னேன்."

"அத மட்டும் எங்கிட்ட சொல்லவே இல்லியே அந்த மனுஷன்!"

அதன் பிறகு நடந்ததை நான் ஜோடிக்கவில்லை. கெய்னர் ஞாயிற்றுக்கிழமை தொடரைப் பார்க்காமல் வைத்திருந்தாள், நெவிலின் விடுமுறை நாளான செவ்வாய்க்காக. திங்கட்கிழமை முடிவெட்ட வருகிறவர்கள் கதையைச் சொல்லிவிடுவார்கள் என்று, "வாயத் தொறந்தா காதோட சேத்து வெட்டிருவேன்," என்று மிரட்டி வைத்தாள். செவ்வாய் மதியம் நெவில் உருளைக்கிழங்கு உரிப்பார், அவள் மாட்டிறைச்சியை வாட்டுவாள், தட்டை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் சோபாவில் உட்கார்ந்து பார்ப்பார்கள். நாலு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள். அருகருகே உட்காரவைத்தது சட்டம்.

இதோடு முடித்திருக்கலாம். சிறிய, இனிப்பான கதை. ஆனால் டிவி லைசென்ஸ் அதிகாரி வந்துவிட்டார்.

4

இளைஞர், மரியாதையானவர், கழுத்தில் அடையாள அட்டை. முன்பு இருந்த வாடகைக்காரர் மாடி அறையைத் தனி முகவரியாகப் பதிந்திருந்ததால் விசாரிக்க வந்தாராம். நான் என் வாசலில் குப்பைத்தொட்டியை இழுத்து வைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

"மேல யாராச்சும் குடியிருக்காங்களாம்மா?"

"இருக்காரு. நெவில்னு பேரு."

"அவர் தனியா டிவி பாக்குறாரா? நேரடியா, இல்ல ஐபிளேயர்ல?"

இங்கே கொஞ்சம் நிறுத்துங்கள். ‘இல்லப்பா, என்கூட ஹால்ல உக்காந்துதான் பாக்குறாரு’ என்று அவள் சொல்லியிருந்தால் போதும். அது உண்மை. அதற்கு மேல் அதிகாரிக்கு எதுவும் தேவையில்லை. கெய்னருக்கும் அது தெரியும், அவளுக்குச் சொன்னவளே நான்தான்.

அவள் சொன்னது இது:

"தனியாவா? நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா வாழுறவங்க தம்பி. புருஷன் பொண்டாட்டி மாதிரின்னு எழுதிக்க. ஒரே வீடு, ஒரே லைசென்ஸ்."

"அப்ப சரிம்மா, ஒண்ணும் பிரச்சினையில்ல," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே நடையில், வேலைக்குக் கிளம்பிய நெவில், ஒரு காலில் மட்டும் செருப்போடு (இல்லை, ஷூ. எழுத்தில் ஊர்ப்பழக்கம் வந்துவிடுகிறது) நின்றுகொண்டிருந்தார்.

"எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?"

"சும்மா. சீக்கிரம் போகட்டும்னுதான்."

"சும்மாவா?"

"பின்ன? ஏன், கேவலமா இருக்கா உங்களுக்கு?"

நெவில் மற்றொரு ஷூவை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மாடி அறைக்கென்று தன் பெயரில் தனி லைசென்ஸ் எடுத்துக்கொண்டார்.

5

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் கீழே வரவில்லை. இறைச்சி ஆறிப்போனது. கெய்னர் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள், கோட்டைக்கூடக் கழற்றாமல்.

"என்னோட சோபா இனிமே அவருக்கு வேணாமாம். நாட்டுல எல்லாரும் லைசென்ஸ் எடுக்காம இருக்க வழி தேடுறாங்க. இந்த ஆளு என்னை விட்டு விலகி உக்கார லைசென்ஸ் எடுத்திருக்காரு!"

"நீதானே ‘சும்மா’ன்னு சொன்ன?"

"வேற என்ன சொல்றது கண்ணு? நடு வாசல்ல, அவர் ஒத்தக் கால்ல நிக்கறப்ப?"

இரண்டு வாரம் கழித்து நெவில் மாத்திரைக்கு வந்தார். ஸ்கார்பரோ பணிமனைக்கு மாற்றல் கேட்டிருப்பதாகவும், அங்கே ஓர் அறை பார்த்துவிட்டதாகவும், சனிக்கிழமை காலி செய்வதாகவும் சொன்னார். வரிசையில் வேறு யாரும் இல்லை. நேராகக் கேட்டுவிட்டேன்.

"அவ சொன்னது பொய்ங்கறதாலயா கோவம்?"

இந்த இடத்தில் முதல் வரைவில் நெவிலுக்கு நீளமான வசனம் ஒன்று எழுதியிருந்தேன். உண்மை, அதிகாரம், மனிதர்களுக்குள் இருக்கும் உறவு என்று அழகான வாக்கியங்கள். அவரால் அதைப் பேசவே முடியாது. அவர் சொன்னது ஒரே வரி:

"அத மொதல்ல எங்கிட்டல்ல சொல்லியிருக்கணும்?"

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

6

முடிவுகள்.

(அ) சனிக்கிழமை நெவில் போகிறார். கெய்னர் அறையை வேறு ஒருவருக்கு விடுகிறாள். புதியவர் டிவியே பார்க்காதவர். — இது நடக்கக்கூடியது. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.

(ஆ) அதிகாரி மறுபடி வந்து, இரண்டு லைசென்ஸைப் பார்த்துக் குழம்பி, கெய்னரைப் பொய் சொன்னதாகக் குற்றம் சாட்ட, நெவில் குறுக்கே பாய்ந்து — சினிமா. அடித்துவிட்டேன்.

(இ)-க்கு இடம் விட்டு வைத்திருந்தபோது, வியாழக்கிழமை மதியம், கெய்னர் தன் சமையலறையில் தேநீர் வைத்துக்கொண்டே கேட்டாள். "எங்களப் பத்தி என்னமோ உன் பாஷைல எழுதுறியாமே? படி, கேப்போம்."

மேலே நெவில் பெட்டி கட்டும் சத்தம் கேட்டது. நான் காகிதத்தைப் பிரித்து, தமிழைப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதிரியார் இடத்தில் சிரித்தாள். ஸ்பெயின் வழுக்கையில் இன்னும் பெரிதாகச் சிரித்தாள். சோபா வந்ததும் தேநீரைக் கலக்க ஆரம்பித்தாள், நிறுத்தவே இல்லை.

ஐந்தாம் பகுதிக்கு வந்தேன். நெவிலின் அந்த ஒற்றை வரியைத் தாண்டிப் போய்விடலாம். அவர் என்னிடம் சொன்னது, அவளிடம் அல்ல. கதை எழுதுகிறவள் எதையும் மாற்றக் கூடாது, பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் யாரும் பிரிட்லிங்டனில் பக்கத்து வீட்டில் குடியிருப்பதில்லை. தெரிந்தே, நிறுத்தி, தெளிவாகப் படித்தேன்.

கெய்னர் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இது நீ எழுதினதா, அவர் சொன்னதா?"

"அவர் சொன்னது."

"சத்தியமா?"

"நான் எழுதியிருந்தா இன்னும் நீளமா இருந்திருக்கும்."

அவள் எழுந்து மாடிப்படி ஏறினாள். பாதியில் நின்று தலைமுடியைச் சரி செய்துகொண்டாள். அத்தனை வருடம் ஊரார் தலையைச் சரி செய்தவள், தன் தலையில் கை வைத்து நான் பார்த்ததில்லை. பிறகு கதவைத் தட்டும் சத்தம்.

"நெவில், அன்னைக்கு அந்தத் தம்பிகிட்ட சொன்னத உன்கிட்ட சொல்லணும்னு வந்திருக்கேன். சும்மா சொல்லல அன்னைக்கு."

மேலே பெட்டி கட்டும் சத்தம் நின்றது.

7

இப்போது ஒரு தொழில் ரகசியம். இவர்கள் மொழியில் ‘நீ’க்கும் ‘நீங்கள்’க்கும் ஒரே சொல்தான். இதுவரை இவர்கள் பேசியதில் ‘நீங்க’ போட்டதெல்லாம் என் வேலை. வீட்டுக்காரியும் வாடகைக்காரரும் அப்படித்தான் பேசியிருப்பார்கள் என்று தீர்மானித்தேன். கெய்னர் கதவுக்கு வெளியே நின்று பேசியதையும் முதலில் ‘உங்ககிட்ட’ என்றுதான் எழுதினேன். அவள் குரலை நினைத்துப் பார்த்தேன். அடித்துவிட்டு ‘உன்கிட்ட’ என்று மாற்றினேன். அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

சந்தேகம் நெவிலின் பதிலில். நான் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேறிக்கொண்டிருந்தேன். பூட்டைத் திறக்கும் சத்தமும் அவள் பெயரோடு சேர்த்து அவர் சொன்ன இரண்டே சொற்களும் கேட்டன. சாதாரணமான சொற்கள். யாரும் யாரிடமும் சொல்லக்கூடியவை. முகத்தைப் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. மறுநாள் கெய்னரிடம் கேட்டதற்கு, "அது எங்க வீட்டுக்குள்ள நடந்தது கண்ணு. உன் ஜனங்க எப்படி வேணுமோ முடிச்சிக்கட்டும்," என்றாள்.

ஆகவே, கேட்டது கேட்டபடி தருகிறேன். தமிழில் எழுதுகிறவளுக்கு வேறு வழியில்லாததால், அடைப்புக்குறியோடு. அதை எடுப்பதும் விடுவதும் உங்கள் பொறுப்பு.

"உள்ள வா(ங்க), கெய்னர்."