லீமா ஒப்பித்த அட்டை

1

இந்தக் கதை எனக்கு ஒரு பழைய பதிவேட்டில் கிடைத்தது. சர்க்கரை நோயாளிகளின் கண் சோதனைப் பதிவேடு. 1953, 54, 55 என மூன்று வரிகள். மூன்றிலும் லீமா என்ற பெயர், 'கண் குற்றமில்லை' என்ற முடிவு. 1956இல் பெயர் மட்டும் இருக்கிறது, முடிவுக்கான கட்டம் காலி. அதை நிரப்பத்தான் எழுத உட்கார்ந்தேன். (எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.)

2

முதல் தொடக்கம்: அன்று கடல் அமைதியாக

வேண்டாம். கடலை ஏன் வம்புக்கு இழுக்க வேண்டும்?

இரண்டாம் தொடக்கம்: லீமாவின் மூத்திரத்தை நீல மருந்தோடு குழாயில் காய்ச்சியபோது அது செங்கல் நிறமானது, சர்க்கரைதான். இது இருக்கட்டும், நடந்ததுதான். ஊசிமருந்து கொடுத்த டாக்டர், வருடம் ஒருமுறை கண்ணையும் பார்க்கச் சொன்னார். கண்பாவை விரியச் சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் விளக்குக் கருவியால் உள்ளே பார்க்க வேண்டும். ஆளுக்கு அரைமணி நேரம். வரிசையிலோ முப்பது பேர். ஆகவே அதற்குப் பதிலாகச் சுவரில் ஓர் அட்டை மாட்டினோம்.*

* அட்டையில் சீப்பு போன்ற அடையாளங்கள், கீழே போகப் போகச் சிறியவை. பல் இருக்கும் பக்கம் கை காட்ட வேண்டும். நோய் கண்ணுக்குள்ளே இருக்கும். அது அட்டைக்குத் தெரியாது.

3

லீமா கருவாடு விற்பவள். எழுத்து தெரியாது. அவள் ஊரில் கலியாணத்துக்கு முன் மாதா கோயில் உபதேசியாரிடம் செப மந்திரங்களை ஒப்பிக்க வேண்டும். தடுமாறினால் திருப்பி அனுப்பிவிடுவார். லீமா அந்தக் காலத்தில் ஒரே மூச்சில் ஒப்பித்தவள். இப்போது மகள் பேபிக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். அவளுக்கும் லீமாதான் மந்திரம் சொல்லிக்கொடுத்தாள்.

அட்டையையும் அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். முதல் வருடம் உண்மையாகவே பார்த்துக் காட்டினாள். இரண்டாம் வருடம் கீழ்வரிகள் கலங்கின. முன்னால் நின்றவர்களின் கைகள் தெரிந்தன, அவை காட்டிய பக்கங்களை மனப்பாடம் செய்தாள். வடசேரிச் சந்தையிலிருந்து கருவாட்டுக் கடவப்பெட்டியோடு திரும்பும்போதும் வாய் ஓயவில்லை.

"ஏட்டி, என்னவாக்கும் முணுமுணுக்கே? செபமாலையா?" என்றார் புருஷன் ததேயுஸ்.

"ஆஸ்பத்திரி மந்திரம். வலது, மேல, இடது, கீழ, கீழ, இடது. தப்பிப்போனா ஊசிமருந்து தரமாட்டாவ."

யாரும் அப்படிச் சொல்லவில்லை. தப்பாகக் காட்டினால்தான் கண்ணைப் பார்க்க டாக்டரிடம் அனுப்புவோம் என்பதையும் யாரும் சொல்லவில்லை.

4

கம்பவுண்டர் கிருஷ்ணமணியை நல்லவர் என்று எழுதினேன். அடித்தேன். சோம்பேறி என்று எழுதினேன். அதையும் அடித்தேன். அட்டை மாறவில்லை, சுவர் மாறவில்லை, வரிசையும் அதே இடத்தில் நின்றது. யாரும் அதைப் பாடமாக்கிவிடலாம் என்பது அவருக்கு உறைக்கவில்லை, அவ்வளவுதான். மூன்றாம் வருடம் பாராட்டு வேறு.

"உங்களப்போல டக்குன்னு காட்டுத ஆளு வேற இல்லம்மா."

அதை லீமா ஊர் முழுக்கச் சொல்லிப் பூரித்தாள்.

[இனி கிருஷ்ணமணி என்று எழுதக் கை வரவில்லை. அது நான்தான். வெட்கமாக இருக்கிறது.]

5

1956. ததேயுஸ் லீமாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அன்று லீமாதான் முதல் ஆள். முந்தின நாள் வெள்ளையடித்தவர்கள் அட்டையைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். நானும் அப்போதுதான் கவனித்தேன். எழுந்து திருப்புவதற்குள் லீமா தொடங்கிவிட்டாள்.

முதலில் காட்ட வேண்டிய உள்ளங்கை அளவு சீப்பு இப்போது அடியில் கிடந்து இடதுபக்கம் பல் காட்டியது. அவள் வலதுபக்கம் கை காட்டினாள். கீழே என்றிருந்ததற்கு மேலே. ஒரு தடுமாற்றம் இல்லாமல், பெரியதிலிருந்து சிறியதுவரை ஒன்றுவிடாமல் எல்லாமே எதிர்ப்பக்கம். ததேயுஸ் அட்டையைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

நோயை முன்பே கண்டுபிடித்திருந்தாலும் அன்றைக்கு என்ன பெரிய வைத்தியம் இருந்தது என்று நண்பர்கள் தேற்றுகிறார்கள். இருக்கலாம். ஆனால் தெரிந்திருந்தால் பேபியின் முகத்தையாவது அவள் ஆசைதீரப் பார்த்து வைத்திருப்பாள். அதற்கும் நான் இடம் வைக்கவில்லை.

6

முடிவு ஒன்று: 'செரிம்மா' என்கிறேன். சிரித்துக்கொண்டே போகிறாள்.

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறேன். அவள்

முடிவு மூன்று: அட்டையை நேராக மாட்டி மறுபடி கேட்கிறேன். எல்லாம் சரியாகக் காட்டுகிறாள். குற்றமில்லை என்று எழுதுகிறேன்.

மூன்றையும் அடித்துவிட்டேன். லீமா இன்னும் அங்கேயே நிற்கிறாள், கையை இறக்கவில்லை.

"ஒண்ணும் தப்பலியே ஐயா? பேபி கலியாணம் வருது. மருந்து உண்டுமில்லா?"

பேனாவை உங்களிடம் தருகிறேன். கட்டம் காலியாகத்தான் இருக்கிறது. என்ன எழுதும்போதும் முகத்தை மறைக்க வேண்டியதில்லை. அவளுக்கு அது தெரியாது.