அடுத்த அறையில் கிடைக்கும்

கலைஞர்கள் இல்லத்துக்கு வந்து மூன்று வாரம் ஆகியும் அந்த நான்கு பேரும் தங்களுக்குள் பேசிக்கொண்டது இரண்டே இரண்டு வாக்கியம். "இது என் கப்" என்றாள் நடனக்காரி. "தெரியும்" என்றார் நாவலாசிரியர். அதோடு சரி. இலக்கியமும் நடனமும் கலந்துரையாடிய அந்த மகத்தான தருணத்துக்குச் சாட்சி, இல்லத்தின் பொறுப்பாளரான அக்கா மட்டும்தான்.

எல்லோருக்கும் அவள் அக்கா. அறுபத்தைந்து வயதுச் சிற்பிகூட, தன் மகள் வயதில் இருந்த அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார். பதினோரு வருடமாக அந்தக் கட்டடத்தின் சாவிக்கொத்து அவள் இடுப்பில். வருடத்துக்கு இரண்டு குழு வரும். வருகிற கலைஞர்கள் மூன்று மாதம் தங்கி, தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போவார்கள். அவர்களுடைய சாப்பாடு, படுக்கை விரிப்பு, ஒழுகும் குழாய், மனக்கஷ்டம் எல்லாம் அக்காவின் பாடு. பின்கட்டில் அவளுக்கு இரண்டு அறை கொடுத்திருந்தார்கள். அவள், லிஃப்ட் பழுதுபார்க்கும் கணவர், பள்ளியில் கடைசி வருடம் படிக்கும் மகள், மூன்று பேருக்கும் அதுதான் வீடு.

நான்காவது வாரம் அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது. "பல துறைக் கலைஞர்களை ஒரே கூரையின்கீழ் தங்கவைப்பதன் நோக்கம், அவர்கள் கலந்து பழகிப் புதியது படைப்பதே. சென்ற இரு குழுக்களிலும் அத்தகைய பயன் ஏதும் காணப்படவில்லை. இம்முறையும் கூட்டுப் படைப்பு ஒன்றேனும் இல்லாவிடில், இல்லத்தை மூடுவது குறித்து முடிவெடுக்கப்படும்." வழக்கம்போலக் கடைசி நாளில் தலைவர் நேரில் வந்து பார்ப்பாராம்.

அக்கா கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கணக்குப் போட்டாள். இல்லத்தை மூடினால் வேலை போகும், வேலையோடு வீடும் போகும். மகளுக்குத் தேர்வு நான்கு மாதத்தில். பள்ளி அடுத்த தெருவில் இருக்கிறது. நடுவில் மூட்டை கட்டிக்கொண்டு எந்த ஊரில் போய் எந்தப் பள்ளியில் கெஞ்சுவது?

முதலில் மரியாதையாகத்தான் முயன்றாள். நான்கு பேரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டாள். நாவலாசிரியர் ஒரு தடித்த புத்தகத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்துக்கொண்டார். காடு, சந்தை, கிணறு என்று போகிற இடத்தின் சத்தங்களையெல்லாம் பதிவுசெய்து அதையே கலையாக்கும் ஒலிக்காரர், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நடனக்காரி நின்றபடியே நாலு வாய் கொட்டிக்கொண்டு ஓடிப்போனாள். சிற்பி நிதானமாகச் சாப்பிட்டு, நாற்காலியிலேயே தூங்கினார்.

"நாலும் நாலு மூலை. எப்படித்தான் சேத்து வைக்கிறதோ!" என்று கணவரிடம் புலம்பினாள் அக்கா.

"லிஃப்ட்ல தினம் ஒண்ணா ஏறுவாங்க, ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்க மாட்டான். ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிச்சுன்னு வை, பத்து நிமிஷத்துல மாமியார் சண்டை வரைக்கும் பேசிடுவாங்க. நான் போய்க் கதவைத் திறந்தா, இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு வரக் கூடாதாங்கற மாதிரி என்னைப் பாப்பாங்க" என்றார் அவர்.

அவர் சும்மாதான் சொன்னார். அக்கா சும்மா கேட்கவில்லை.

மறுநாள் மதியம். நாவலாசிரியர் யோசிப்பதற்காக நடக்கப் போயிருந்தார். மற்றவர்கள் அவரவர் வேலைக்கூடத்தில். அக்கா சாவிக்கொத்து குலுங்காமல் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலிக்கும் இடது காலை இழுத்தபடி மாடியேறினாள். நாவலாசிரியர் படிக்கும்போது போடும் மூக்குக்கண்ணாடியை எடுத்துச் சிற்பியின் அலமாரியில் வைத்தாள். சும்மா வைக்க மனம் வரவில்லை. அங்கிருந்த களிமண் தலை ஒன்றுக்கு மாட்டிவிட்டாள், பொருத்தமாகத்தான் இருந்தது. சிற்பி மண் அறுக்கும் கம்பி நடனக்காரியின் பைக்குள் போனது. நடனக்காரியின் முழங்கால் பட்டை ஒலிக்காரரின் மேஜைக்கு. ஒலிக்காரருடைய மைக்கின் தொப்பி, சாம்பல் நிறத்தில் புசுபுசுவென்று மயிரோடு இருப்பது, நாவலாசிரியரின் டிராயருக்கு.

நான்கு மணிக்கு நாவலாசிரியர் டிராயரைத் திறந்தார். அடுத்து மாடியில் கேட்டது ஓர் அலறல், அதற்கடுத்து தொம் தொம் தொம் என்று மூன்று அடி. அகராதியால் அடித்தாராம்.

"ஐயோ, அது எலி இல்லய்யா! என் மைக்குக்குப் போடற தொப்பி!" ஒலிக்காரர் ஓடிவந்து அதை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"உம்ம தொப்பி என் டிராயர்ல எதுக்குப் படுத்திருக்கு?"

"அதைத்தானே நானும் கேக்கறேன்! சரி, உங்க டிராயர்ல என் தொப்பி. என் மேஜைல இது யாரோட பட்டை?"

"என்னோடது! குடுங்க இங்க! மத்தியானத்துலேருந்து... ஐயோ, என் பைக்குள்ள ஏதோ குத்துது!" என்று நடனக்காரி.

அதற்குள் சிற்பி கண்ணாடி போட்ட களிமண் தலையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். "யாருய்யா இவனுக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணினது?"

ஒரு மணி நேரம் நடந்தது சண்டை. நாவலாசிரியர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நடனக்காரி போலீஸைக் கூப்பிடுவேன் என்றாள். கீழே சமையலறையில் அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே டீக்குத் தண்ணீர் வைத்தாள். திட்டிக்கொண்டால் என்ன, பேசுகிறார்களே!

வாரத்துக்கு மூன்று நாள் தன் கைவரிசையைக் காட்டினாள். நான்கு பேரும் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுச் சலித்து, எல்லோருமே பறிகொடுத்தவர்கள் என்று ஒருவழியாகப் புரிந்துகொண்டு, சமையலறை மேஜையைச் சுற்றி உட்கார ஆரம்பித்தார்கள். தினமும் நான்கு மணிக்குத் திருட்டு விசாரணை. விசாரணை நடுவே நாவலாசிரியர் தன் நாவல் நகராமல் நிற்பதைச் சொன்னார், சிற்பி தன் கைநடுக்கத்தைக் காட்டினார். அக்கா டீ ஊற்றினாள், பலகாரத் தட்டை நகர்த்தினாள், துப்பும் கொடுத்தாள். அந்தத் தைரியத்தை என்னவென்று சொல்வது!

"பூனையா இருக்குமோ?" என்றாள் ஒரு நாள்.

"பூனை படுக்கை விரிப்பை மாத்துமா அக்கா?" என்று நடனக்காரி கேட்டாள். "என் பொருள் காணாமப் போற அன்னிக்கெல்லாம் என் ரூம் பளிச்சுனு இருக்கு. துண்டெல்லாம் மடிச்சு வச்சிருக்கு."

"என் பேனாவெல்லாம் நேரா அடுக்கியிருக்கு" என்றார் நாவலாசிரியர்.

"என் குழாய் ஒழுகிக்கிட்டே இருக்கும். இப்ப ஒழுகல" என்றார் சிற்பி.

டீ ஊற்றிக்கொண்டிருந்த அக்காவின் கை ஒரு கணம் நின்றது. திருடப்போன இடத்திலும் கை சும்மா இருந்தால்தானே! கசங்கிக் கிடக்கும் துண்டைப் பார்த்துவிட்டு அப்படியே வர அவளால் முடியாது. அன்று முதல் எதையும் தொடக்கூடாது என்று முடிவெடுத்தாள். மறுநாளே ஒலிக்காரரின் கட்டிலுக்கடியில் இருந்த நூலாம்படை அவளைத் தோற்கடித்தது.

"ஒரு நாள் மாட்டத்தான் போற" என்றார் கணவர்.

"நான் மாட்டறதுக்குள்ள அவங்க சேந்து ஏதாவது படைச்சிடுவாங்க. பாருங்களேன்."

கடைசிப் பத்து நாள், நான்கு பேரும் பெரிய கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளேயிருந்து சிரிப்பும், ஏதோ தேய்கிற சத்தமும் வந்தன. அக்கா கதவில் காதை வைத்துப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் மனசு குளிர்ந்துவிட்டது. அறக்கட்டளைக்குப் போன் போட்டு, கூட்டுப் படைப்பு தயார் என்றாள். தலைப்பு என்னவென்று கேட்டார்கள். கதவைத் தட்டிக் கேட்டாள்.

"'அடுத்த அறையில் கிடைக்கும்'னு சொல்லுங்க அக்கா" என்று உள்ளிருந்தே நாவலாசிரியர் குரல் கொடுத்தார். அக்காவுக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது. வேறு வழியில்லை, அப்படியே சொன்னாள்.

அந்த நாளும் வந்தது. தலைவர் கையில் கோப்போடு வந்தார், பின்னால் இரண்டு உறுப்பினர்கள். முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அக்கா வழக்கம்போல அவருக்குச் சர்க்கரை போடாத டீயைக் கொடுத்துவிட்டுக் கூடத்தின் கடைசியில், கணவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். திரைச்சீலைகளை இழுத்து மூடினார்கள்.

முதலில் சத்தம் மட்டும் வந்தது. ஒலிக்காரர் மதியங்களில் அறைகளில் பதிவுக்கருவியை ஓடவிட்டுப் போயிருந்திருக்கிறார். செருப்புச் சத்தம். ஒரு காலடி அழுத்தமாக, ஒன்று லேசாக இழுத்தபடி. கைக்குள் நெரிபடும் சாவிகள். டிராயர் திறக்கிறது. துணியை உதறும் சத்தம். பிறகு, கட்டிலில் உட்கார்ந்தபடி விட்ட ஒரு பெரிய "ஸ்ஸப்பாடா!"

அக்காவின் காது சூடேறியது.

விளக்கு வந்தது. நடுவில் சிற்பி செய்த கை, ஆள் உயரத்துக்கு. இழுப்பறைக் கைப்பிடிகளில் ஈரமண் பூசி வைத்துத் திருடரின் பெருவிரல் ரேகையை எடுத்திருந்தார். பெருவிரலில் பழைய தீக்காயத் தழும்பு அப்படியே இருந்தது. அக்கா தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அப்புறம் நடனக்காரி நடந்து வந்தாள். இடது முழங்காலைக் காப்பாற்றிக்கொண்டு, உடம்பை வலப்பக்கம் சாய்த்து, நின்று, சுற்றிலும் பார்த்து, களவாடி, திரும்பிப் போகிறவள், ஐயோ பாவம், தாங்க முடியாமல் வந்து, கிடந்த துண்டை எடுத்து மடித்தாள். தன் நடை வெளியிலிருந்து இப்படித்தான் தெரியும் என்பது அக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது. பக்கத்தில் கணவர் சுவரைப் பார்த்தபடி நின்றார். அவருடைய தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

நாவலாசிரியர் வாசித்தார்: "இந்தத் திருடர் எதையும் தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவரிடம் வைத்தார். நாங்கள் தேடிப் போனோம். தேடிப் போன இடத்தில் ஆட்கள் இருந்தார்கள்."

தலைவர் கைதட்டினார். உறுப்பினர்களும் தட்டினார்கள். "பிரமாதம்! ஆமா, திருடரைக் கண்டுபிடிச்சீங்களா?"

"இன்னும் இல்லைங்க ஐயா" என்றாள் நடனக்காரி, கூசாமல்.

"சரி, சரி. யாராவது அந்த வருகைப் பதிவேட்டை எடுத்துட்டு வாங்கப்பா" என்று தலைவர் கோப்பைப் புரட்டியபடியே பின்பக்கமாகக் குரல் கொடுத்தார்.

பதிவேடு அக்காவின் கையில் இருந்தது. கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்க வேண்டும், இப்போதுதான் எல்லோரும் பார்த்த அதே நடையில். நான்கு அடி நிமிர்ந்து, கல்யாணப் பெண் மாதிரி நடந்து பார்த்தாள். ஐந்தாவது அடியில் முழங்கால் சொன்னபடி கேட்கவில்லை. போ, நடப்பது நடக்கட்டும் என்று தன் நடையிலேயே நடந்தாள். செருப்பு ஒன்று அழுந்தியது, ஒன்று இழுத்தது. கலைஞர்கள் நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பெருவிரல் தெரியப் பதிவேட்டைத் தலைவர் முன்னால் நீட்டினாள்.

தலைவர் வாங்கினார். பக்கத்தைத் திருப்பினார். "பேனா?" என்றார்.

தப்பித்தோம் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அதற்கு அடுத்த நொடியே பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு வருடம்! இருபத்திரண்டு தடவை இவருக்கு டீ கொடுத்திருக்கிறாள். மூன்று மாதம் முன்பு வந்தவர்களுக்கு அவள் தழும்பு தெரிகிறது, பெருமூச்சு தெரிகிறது, எந்தக் கால் வலிக்கிறது என்பதுகூடத் தெரிகிறது. இந்த மனுஷனுக்கு, கண்ணெதிரே நடந்து காட்டியும் தெரியவில்லை. மகளின் தேர்வு, பின்கட்டு வீடு எல்லாம் நினைவுக்கு வருவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"நான்தாங்க ஐயா அந்தத் திருடி."

கணவரின் தோள் குலுங்குவது நின்றது.

தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். "அடடே! நீங்களும் இதுல ஒரு பாத்திரமா? பணியாளர்களையும் சேத்துக்கிட்டாங்க பாருங்க, இதைத்தான் நாங்க இவ்வளவு நாளாச் சொல்லிட்டிருக்கோம்!" என்று உறுப்பினர்களிடம் சொல்லிவிட்டு, கோப்பில் 'பங்கேற்றோர்' என்ற இடத்தில் நான்கை அடித்து ஐந்து என்று எழுதினார். "எந்தத் துறைன்னு போடட்டும்?"

"இடம் மாத்தி வைக்கிறதுன்னு போடுங்க."

அவர் அதையும் மெனக்கெட்டு எழுதினார். இல்லம் தொடர்ந்து நடக்கலாம் என்று அடியில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். மகளின் பள்ளி இனி எங்கேயும் போகாது. பேனாவை மூடிவிட்டு அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தவர், புருவத்தைச் சுருக்கினார்.

"உங்களை எங்கயோ பாத்த மாதிரி இருக்கே?"

"இல்லைங்க ஐயா. பதினோரு வருஷமா நான்தான் உங்களைப் பாக்கறேன். என்னைப் பாத்தது இவங்க நாலு பேருதான்" என்றாள் அக்கா.

தலைவர் தொடையைத் தட்டி ரசித்தார். நாவலாசிரியர் பக்கம் திரும்பி, "வசனம் பிரமாதம். யார் எழுதினது?" என்றார்.

நாவலாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அக்காவேதான்" என்றார்.