ஆளில்லாத அறைக்கு ஒரு வாயு

அலுவலகத்தில் அவனுக்குக் காற்றுக்காரன் என்று பெயர். கட்டடத்தில் தீப்பிடித்தால் எந்த வாயுவை விட்டு அணைப்பது என்று முடிவு செய்து எழுதிக் கொடுப்பது அவன் வேலை. கண்ணுக்கே தெரியாத சரக்கைக் காட்டிச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நீதான் என்று அக்கா கிண்டல் செய்வாள். அவனும் சிரித்து வைப்பான். அக்காவிடம் வாய்கொடுத்து மீண்டவர்கள் அந்த வீட்டில் யாருமில்லை.

இந்த முறை, அக்கா வேலை பார்க்கும் நூலகமே அவன் கைக்கு வந்தது. நிலவறையில் பழைய வரைபடங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். தண்ணீர் பட்டால் அத்தனையும் கூழாகிவிடும். பொடி தூவினால் துடைத்து மாளாது. ஆகவே வாயுதான். கட்டட வடிவமைப்பாளர், கரியமில வாயு மலிவு என்று ஒற்றைக்காலில் நின்றார். அது தீயை அணைக்கும், சந்தேகமில்லை. உள்ளே ஆள் இருந்தால் ஆளையும் சேர்த்து அணைத்துவிடும்.

"அங்க யாரு சார் இருக்கப் போறா? எப்பவும் பூட்டியே கிடக்கிற ரூம்" என்றார் அவர்.

அவனும் மண்டையை ஆட்டிவிட்டு 'ஆள் இல்லாத அறை' என்று எழுதினான். ஒரு வார்த்தை அக்காவிடம் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை.

கசிவுச் சோதனை பாக்கி இருந்தது. விட்ட வாயு உள்ளேயே நிற்க வேண்டுமானால் அறையில் ஓட்டை இருக்கக் கூடாது. வாசலைத் துணியால் மறைத்து, நடுவில் பெரிய விசிறியைப் பொருத்தி, உள்ளே காற்றைத் தள்ளினார்கள். கருவியைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது. அறை சல்லடையாக இருந்தது.

புகை விடும் குச்சியைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்தான். புகை எங்கே இழுபடுகிறதோ அங்கே ஓட்டை. கடைசி அலமாரிக்குப் பின்னால் அது கயிறு கட்டி இழுத்ததுபோல் ஓடியது. அங்கே, மேல் மாடியிலிருந்து புத்தகங்களை இறக்குவதற்கான பழைய பொந்து ஒன்று. அதன் கதவு மூடிக்கொள்ளாதபடி யாரோ ஒரு துண்டை மடித்துச் செருகியிருந்தார்கள். கீழே ஒரு விரிப்பு, தைல வாசனை, தலையணை. நீலப் பூப்போட்ட உறை. அதன் ஜோடி அவன் கட்டிலில் கிடக்கிறது.

அவன் தலையணையை எடுத்துப் பையில் திணித்தான். ஆள் இல்லாத அறை என்று எழுதியது இதே கைதான்.

சாயங்காலம் அக்கா முக்காலியில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். நாள் முழுக்கப் புத்தகம் கொடுக்கும் மேஜையில் நின்று, கணுக்கால் வீங்கிப்போயிருந்தது. அவன் பையிலிருந்து தலையணையை எடுத்து அவள் மடியில் வைத்தான்.

"கண்டுபிடிச்சிட்டியா? வெளிய மூச்சு விடாதே."

"உள்ள எப்படிக்கா போற? பூட்டியிருக்குமே?"

"வரைபடத்தை எடுக்கிறதும் வைக்கிறதும் யாரு? நான்தானே? சாவி என்கிட்டதான் வரும். மத்தியானம் கொஞ்ச நேரம் காலை நீட்டுவேன், அவ்வளவுதான். மேல மணி அடிச்சா கேட்கணுமேன்னு அந்தத் துண்டு."

அவன் கரியமில வாயு என்ன செய்யும் என்று சொன்னான். அக்கா தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே போகமாட்டேன். சத்தியமா."

சர்க்கரையைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்த மறுநாளே டப்பாவும் கரண்டியுமாகப் பிடிபட்டவள் அவள். "உன் சத்தியத்தை நம்பி சிலிண்டர் வைக்க முடியாதுக்கா."

"அப்ப என்னைக் காட்டிக் கொடுக்கப்போறியா? மேலதிகாரிக்குத் தெரிஞ்சா வேலையே போயிடும்டா." அவள் குரல் உடைந்தது. வாயாடி அக்காவை அவன் அப்படிப் பார்த்ததே இல்லை.

மறுநாள், வாயுவை மாற்ற வேண்டும் என்றான். வடிவமைப்பாளர் குதித்தார். நூலக மேலதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஏன், யாராவது அங்க இருந்ததைப் பார்த்தீங்களா?"

"ஆளைப் பார்க்கலை சார்." பொய்யில்லை. அவன் பார்த்தது தலையணையைத்தான். "ஆனா வரைபடம் எடுக்க யாராவது போகத்தானே வேணும்? போனவங்க ஒரு நிமிஷம்கூட உட்காரமாட்டாங்கன்னு நீங்க கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

மேலதிகாரி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். நைட்ரஜனும் ஆர்கானும் கலந்த வாயுவுக்கு வரிசையாகச் சிலிண்டர் வேண்டும், அவ்வளவு இடமில்லை. கடைசியில், திரவமாக அடைத்து வாயுவாகப் பாயும் ரகத்தை எழுதினான். அதற்கு இரண்டே சிலிண்டர் போதும், மூச்சு முட்டாமல் வெளியே ஓடி வந்துவிடலாம். 'ஆள் இருக்கக்கூடிய அறை' என்று திருத்தினான். கையோடு அந்த அறையின் பிளானில் ஒரு நாற்காலியும் போட்டுவிட்டான். பிளானில் இருக்கும் நாற்காலியை யாரும் கேள்வி கேட்பதில்லை.

வேலை முடிந்தது. பொந்தை அடைத்தாயிற்று, எச்சரிக்கைச் சங்கையும் ஊதிப் பார்த்தாயிற்று. அக்கா வந்து எட்டிப் பார்த்தாள். நாற்காலி வாசலோரமாகப் போடப்பட்டிருந்தது.

"இந்த கேஸ் ஆளை ஒண்ணும் செய்யாதுன்னியே! அப்புறம் எதுக்கு என்னை வாசல்ல உட்கார வைக்கிற? உள்ளன்னா நிம்மதியா இருக்கும்."

"கேஸ் ஒண்ணும் செய்யாதுக்கா. நெருப்பு செய்யுமே? சங்கு ஊதினா செருப்பைத் தேடிக்கிட்டு நிக்காதே. ஓடிடு."

அக்கா அவனை ஒருமுறை பார்த்தாள். பிறகு நாற்காலியை இன்னும் ஒரு சாண் வாசல் பக்கமாக அவளே நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.