ஊசி என்றால் கை மேலே

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் பெரிய சட்டம் ஒன்றே ஒன்றுதான். அழுக்குப் போர்வைகளைப் பிரிக்கும்போது மடிப்புக்குள் ஊசி கண்ணில் பட்டால் "ஊசி!" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். எதிரில் நிற்பவர் அந்த நொடியே இரண்டு கையையும் மேலே தூக்கிவிட வேண்டும். ஒரு மேசைக்கு இரண்டே பேர். ஊசியைப் பார்த்தும் கத்தாதவருக்கும், கத்தியும் கை தூக்காதவருக்கும் அன்றோடு வேலை இல்லை. பின்னே? அது எந்த நோயாளி உடம்பில் ஏறி இறங்கியதோ, யார் கண்டது!

கடைசி மேசையில் அண்ணியும் நாத்தனாரும் நிற்பார்கள். நாத்தனாருக்குக் கூடத்தில் ரேடியோ என்று பெயர். ரேடியோவையாவது அணைக்கலாம். கட்டியவனோடு சண்டை போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகிறது. அவன் சொன்னது, இவள் திருப்பிச் சொன்னது, மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது என்று பல் துலக்கும்போது தொடங்கினால் பஸ்ஸில், மேசையில், சாப்பாட்டில், படுக்கும்வரை அதே பாட்டு. அண்ணியும் மனுஷிதானே! எத்தனை நாளைக்குத்தான் உச்சுக் கொட்டுவாள்? ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் தீப்பெட்டி அளவில் ஒரு எம்பி3 பிளேயரை வாங்கிவிட்டாள்.

வீட்டில் வயரைக் காதில் மாட்டினாள். பஸ்ஸில் மாட்டினாள். அப்புறம் துளிர் விட்டுப்போய் வேலையிலும் மாட்டினாள். தலைக்குப் போடும் தொப்பி காதை மூடுவதால் வயர் வெளியே தெரியாது. ரேடியோவின் வாய் அசையும். அண்ணி தலையை ஆட்டுவாள். அப்பாடா என்றிருந்தது.

அன்று காலையும் ஆட்டிக்கொண்டுதான் இருந்தாள். எதிரே ரேடியோவின் வாய் பெரிதாகத் திறந்தது. மாமியார் கதை சூடு பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, "ஆமாமா" என்றபடி அண்ணி போர்வையைத் தன் பக்கம் இழுத்தாள். ரேடியோ மேசைமேல் பாய்ந்து அதைப் பிடுங்கினாள். பிடுங்கியவளின் கட்டைவிரலில், கையுறையைத் துளைத்துக்கொண்டு ஊசி நின்றது.

விரலைக் கழுவிக் கட்டுப் போட்டு, ரத்தம் எடுத்து முடித்த கையோடு இருவரையும் மேற்பார்வையாளர் தன் அறைக்குக் கூப்பிட்டார். கண்டிப்பான பெண்மணி.

"கத்தினாளா, இல்லையா?"

"சத்தமே வரலையே மேடம்," என்று அண்ணி சொல்லிவிட்டாள். பொய் சொல்ல நினைக்கவில்லை, பாவம். கலவரத்தில் கழுத்துக்கு நழுவியிருந்த வயர் தோலில் உறுத்தியபோதுதான் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

ரேடியோ அவளையே பார்த்தாள். தொப்பிக்குள் இருப்பது ஒரே வீட்டில் இருப்பவளுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் காட்டிக்கொடுக்கவில்லை.

"நான் கத்தல மேடம். பதட்டத்துல வாயே வரல."

மேற்பார்வையாளர் மளமளவென்று எழுதி, சாட்சிக் கையெழுத்துக்காக அண்ணியிடம் தாளை நீட்டினார். போட்டால் நாத்தனாருக்கு வேலை போய்விடும். உண்மையைச் சொன்னால் தனக்குப் போய்விடும். அண்ணி பேனாவை வாங்கினாள். கட்டுப் போட்ட விரலைப் பார்த்தாள். அடிப்பாவி, உன்னைக் காப்பாத்த வந்த கைடி அது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

தொப்பியைக் கழற்றி, வயரோடு பிளேயரை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அவ கத்தியிருப்பா மேடம். எனக்குத்தான் கேக்கல. அந்தத் தாளைக் கிழிச்சிடுங்க."

அவர் கிழித்தார். இன்னொரு தாளை எடுத்தார். அண்ணியின் எட்டு வருஷ வேலை முடிய ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

வெளியே வந்ததும் ரேடியோ சுவரில் சாய்ந்துகொண்டாள். அண்ணிக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது.

"உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதுடி."

"வேலை கிடக்கட்டும் அண்ணி. ஆறு வாரம் கழிச்சு மறுபடியும் ரத்தம் பாக்கணுமாம். அதுவரைக்கும் என்ன நோயோ ஏதோன்னு செத்துச் செத்துப் பிழைக்கணும்." கட்டுப் போட்ட விரலைப் பிடித்துக்கொண்டாள். "மூணு தடவை கத்தினேன். அந்த நேரத்துல உங்க காதுல அப்படி என்ன பாட்டு ஓடிச்சு?"

அண்ணி யோசித்துப் பார்த்தாள். எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.