துணைக்கு வந்த வைக்கோல்

"துணையில்லாம மலைக்குப் போவியா? ஊர் காறித் துப்பாதா?" என்று கத்திய செப்டிமஸ் துவைட், மனைவி அகஸ்டாவின் பூட்ஸை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

அகஸ்டா வரைந்துகொண்டிருந்த குன்றுப் படம் சனிக்கிழமைக்குள் லண்டன் கண்காட்சிக்குப் போயாக வேண்டும். வானம் மட்டும்தான் பாக்கி. துணைக்கு வரும் லவீனியா அத்தையோ முட்டுவலியில் படுத்துவிட்டாள். வேலைக்காரி தபிதா கூட வரலாமே என்றால், எங்கள் மால்டர்பி ஊரில் வேலைக்காரி ஆள் கணக்கில் சேர்த்தி இல்லை.

"துணைக்கு வர்றவங்க என்னதான் செய்யணும்?" என்று கணவரிடம் கேட்டாள் அகஸ்டா.

"ஒண்ணும் செய்ய வேணாம். பக்கத்துல மரியாதையா ஒரு தொப்பி தெரிஞ்சாப் போதும்."

அகஸ்டாவுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. மறுநாள் தபிதாவின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, அத்தையின் கறுப்புத் தொப்பியையும் சால்வையையும் ஒரு வைக்கோல் கட்டுக்கு மாட்டிக் குன்றில் உட்கார வைத்தாள். அவ்வழியே போன பாதிரியார் அந்த வைக்கோலுக்குத் தன் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார்.

"உங்க அத்தை மாதிரி அடக்கமான பொம்பள இந்த வட்டாரத்துலயே கெடையாதும்மா!"

ஆனால் அன்று மேகம் சரியாக அமையவில்லை. வியாழக்கிழமை அமைந்தது. வியாழனென்றால் வீட்டுக்கு விருந்தாளிகள் வரும் நாள். எஜமானி கூடத்தில் இருந்தே தீரவேண்டும்.

"தபிதா, என் சாம்பல் கலர் பட்டு கவுனை எடு. இன்னும் கொஞ்சம் வைக்கோலும் கொண்டா."

வைக்கோல் திணித்து முகத்திரை போட்ட சாம்பல் கவுன் கூடத்தில் உட்கார்ந்தது; அகஸ்டா குன்றுக்குப் போனாள். அம்மாவுக்குத் தொண்டைக்கட்டு என்று சொல்லி, தபிதா தேநீர் ஊற்றினாள். ஏழு சீமாட்டிகள் வந்து, ஆளுக்குக் கால் மணி நேரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். "இன்னிக்கு அகஸ்டா எவ்வளவு பதவிசா இருக்கா!" என்று வாசலில் நின்று மெச்சவும் செய்தார்கள்.

மாலை ஐந்து மணிக்கு அகஸ்டா முடிந்த படத்தோடு, சேறும் சாயமுமாக வாசலில் வந்து நின்றாள். கூடத்தில் செப்டிமஸ் செய்தித்தாளைப் பிரித்தபடி கவுனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியா? இப்படி வாயத் தொறக்காம இருந்தா நமக்குள்ள சண்டையே வராது. எனக்கு எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா?" என்று கவுனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எட்டு வருஷ தாம்பத்தியம். அகஸ்டா உள்ளே நுழையவில்லை. வாசல்படியில் படத்தைச் சாய்த்து, அவர் போடச் சொல்லியிருந்த 'திருமதி செப்டிமஸ் துவைட்' என்பதை விட்டுவிட்டு, 'அகஸ்டா' என்று மட்டும் கையெழுத்துப் போட்டாள்.

"அம்மா, அந்தக் கவுனைக் கழட்டிடவா?" என்று கிசுகிசுத்தாள் தபிதா.

"வேணாம். அது அவருக்கே இருக்கட்டும். லண்டனுக்குப் போட்டுக்கிட்டுப் போக எனக்கு வேற ஒண்ணு எடுத்து வை."